கன்னத்தில் ஊசி: எதை, எங்கே, யாரிடம்? ஃபில்லரும் கிருமித்தொற்றும் பற்றி ஓர் ஒப்பீடு

கல்யாணத்துக்கு முன் கன்னத்தை நிரப்புவதும், உதட்டைச் சற்றுத் தடிப்பாக்குவதும், மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் கோட்டை மறைப்பதும் யாழ்ப்பாணத்தில் இப்போது ஒளித்து மறைத்துப் பேசும் சங்கதிகளாக இல்லை. இதற்காகத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றும் நிரப்பு மருந்தைத்தான் ஃபில்லர் என்கிறோம். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் மச்சாள்மாரின் முகத்தில் கண்டுவிட்டு இங்கே இருப்பவர்களும் விசாரிக்கிறார்கள். விசாரணை பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறது: எவ்வளவு காசு, எத்தனை மாதம் நிற்கும். மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. ஊசி போட்டு ஆறாவது கிழமை கன்னத்தில் சிவந்த முடிச்சு ஒன்று எழும்பினால் அதை யார் பார்ப்பார்? எந்த மருந்து, எந்தக் கிளினிக், எந்த ஊர் என்ற தெரிவுகள் எல்லாவற்றையும் நான் இந்த மூன்றாவது கேள்வியில் வைத்தே எடைபார்க்கிறேன்.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். முறையாகப் பயின்ற வைத்தியர், சுத்தமான இடத்தில், அசல் மருந்தைப் போட்டால் ஃபில்லரால் கிருமித்தொற்று ஏற்படுவது அபூர்வம். மறுநாள் கன்னம் வீங்குவதும், ஊசி பட்ட இடம் நீலம் பாரிப்பதும் தொற்று ஆகாது. சில நாட்களில் தாமாகவே இறங்கிவிடும். ஆனால் வந்துவிட்டால் இந்தத் தொற்று மற்றத் தொற்றுகளைப் போல நடந்துகொள்வதில்லை. காலில் முள் ஏறிச் சீழ் பிடித்தால், முள்ளை எடுத்தவுடன் பாதி வருத்தம் தீர்ந்துவிடும். இங்கே முள் உள்ளேயே இருக்க வேண்டும் என்றுதான் காசு கொடுத்திருக்கிறோம்.

உடலுக்குள் வைக்கும் எந்த அந்நியப் பொருளின் மேலும் கிருமிகள் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளக்கூடும். அந்தப் படலத்துக்குள் அன்டிபயோட்டிக் எளிதில் புகாது. உடம்பின் வெள்ளணுக்களும் திணறும். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்த இடம், ஒரு காய்ச்சலுக்குப் பிறகோ பல் பிடுங்கியதற்குப் பிறகோ திடீரென்று வீங்குவதும் உண்டு.

காலத்தை வைத்துப் பிரித்தால் விடயம் தெளிவாகும். முதல் சில நாட்களிலிருந்து இரண்டு கிழமைக்குள் வருவது பெரும்பாலும் தோலில் குடியிருக்கும் ஸ்டபிலோகொக்கஸ், ஸ்ட்ரெப்டோகொக்கஸ் வகைகளின் வேலை. சிவக்கும், சுடும், தொட்டால் நோகும், சில வேளை சீழ்க்கட்டியாகத் திரளும். எந்த வைத்தியரும் பார்த்தவுடன் பிடித்துவிடுவார். வழமையான அன்டிபயோட்டிக்குக்கு அடங்கும் வாய்ப்பும் அதிகம். உதட்டில் போட்டவர்களுக்கு இன்னொன்று: முன்பு உதட்டோரம் நீர்க்கொப்புளம் போட்ட ஹேர்பிஸ் வைரஸ் மீண்டும் கிளம்பலாம். அந்தக் கதையை முன்கூட்டியே சொன்னால் வைத்தியர் தடுப்புக் குளிசை தருவார்.

வில்லங்கம் பிந்தி வருவதில்தான். ஒரு மாதம், இரண்டு மாதம், அதற்கும் மேலே கழித்து எழும்பும் முடிச்சு அது. நோவு குறைவு, காய்ச்சல் இருக்காது, நிறம் ஊதா கலந்த சிவப்பு. பாமசியில் வாங்கிய ஐந்து நாள் குளிசைக்கு அசையாது. இதன் பின்னால் மைக்கோபக்டீரியம் அப்செசஸ், மைக்கோபக்டீரியம் செலோனே போன்ற கிருமிகள் இருக்கலாம். காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுக்காரர்கள் இவர்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவுவதைவிட மண்ணிலும் தண்ணீரிலும் சுகமாக வாழ்பவர்கள்.

தண்ணீர் என்றால் நம் ஊரில் கதை நீளம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் நிலத்தடி நீரே சீவன். கிணற்றிலிருந்து மோட்டர் இறைத்து, மேல்தொட்டியில் ஏற்றி, வெயிலில் இளஞ்சூடாகி, பாசி பிடித்த குழாய்வழியே இறங்கும் தண்ணீரில்தான் பெரும்பாலான வீடுகளும் கடைகளும் புழங்குகின்றன. அதற்காகக் கொழும்பின் குளோரின் போட்ட குழாய்நீர் யோக்கியம் என்று எண்ண வேண்டாம். இந்தக் கிருமிகள் குளோரினுக்கும் ஓரளவு ஈடுகொடுப்பவை. குடிக்கலாம், குளிக்கலாம், ஒன்றும் ஆகாது. தோலில் துளை இருக்கும்போது, துளைக்குக் கீழே அந்நியப் பொருளும் இருக்கும்போதுதான் அதே தண்ணீர் வேறு ஆளாகிறது.

ஒரு காட்சியைக் கிட்ட நின்று பார்ப்போம். ஊசி முடிந்துவிட்டது. கன்னத்தில் நாலைந்து துளைகள், ஒவ்வொன்றின் வாயிலும் கடுகளவு இரத்தம். உதவிக்கு நிற்கும் பெண் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, தட்டில் உறைந்த ஐஸ் கட்டிகளைத் துவாயில் சுற்றி, "இதைப் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா, வீக்கம் இறங்கும்" என்று கையில் தருகிறாள். ஐந்து நிமிடத்தில் துவாய் ஊறிவிடுகிறது. உருகிய தண்ணீர் துளைகளின் மேலால் வழிந்து கழுத்துக்கு இறங்குகிறது. அந்த ஐஸ் காலையில் குழாயில் பிடித்து வைத்த தண்ணீர். கையுறை புதிது, சிறிஞ்ச் புதிது, மருந்து அசல், கையும் தேர்ந்த கை. கிருமிக்குக் கதவு திறந்தது ஐஸ் தட்டு. செய்தவளுக்கு அக்கறையைத் தவிர வேறு எண்ணம் இல்லை. மூடி முத்திரையிட்ட ஜெல் பொதியை உலர்ந்த சுத்தமான துணியில் சுற்றிக் கொடுத்திருந்தால் இந்த வழியே இருந்திருக்காது. ஆகவே ஒரு இடத்தை நோட்டம் பார்க்கப் போகும்போது சுவரில் தொங்கும் சான்றிதழ்களை வாசிப்பதோடு நிறுத்தாமல், ஐஸ் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டுப் பார்க்கலாம். பதில் சொல்பவரின் முகமே பாதியைச் சொல்லிவிடும்.

இது கற்பனைப் பயம் இல்லை. நியூயோர்க்கில் 2000களின் தொடக்கத்தில், உரிமம் இல்லாத ஒருவரிடம் முகத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களிடையே மைக்கோபக்டீரியம் அப்செசஸ் தொற்று கூட்டமாகப் பரவியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

இனி மருந்தை எடுத்துக்கொள்வோம். உள்ளே வைப்பது எது என்பதில் தெரிவுகள் பல இருந்தாலும், தொற்றின் கண்ணால் பார்த்தால் பட்டியல் வேகமாகச் சுருங்கிவிடும்.

ஹயலுரோனிக் அமில ஜெல்தான் இன்று உலகெங்கும் அதிகம் போடப்படுவது. அமெரிக்காவில் 2003இல் முதல் ஹயலுரோனிக் ஃபில்லருக்கு அனுமதி கிடைத்தது. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டுவரை நிற்கும், பிறகு கரையும். "கரைந்துவிடுமே, காசு வீண்தானே" என்று சலிப்பவர்கள் உண்டு. கரைவதுதான் அதன் பெரிய குணம் என்பேன். ஹயலுரோனிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டால், வேண்டிய நேரத்தில் அந்த ஜெல்லைக் கரைத்து வெளியேற்ற முடியும். தொற்று வந்தால் முள்ளை எடுக்க ஒரு வழி கையில் இருக்கிறது என்று பொருள். தொற்று முழு வீச்சில் இருக்கும்போது அன்டிபயோட்டிக்கைத் தொடங்காமல் கரைக்கப் போனால் கிருமி பரவும் ஆபத்து இருப்பதால், அந்த முடிவை வைத்தியரிடமே விட வேண்டும்.

கல்சியம் ஹைட்ரொக்சிலபடைட், பொலி எல் லக்டிக் அமிலம் ஆகியவை தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனை உடம்பே உண்டாக்கத் தூண்டி வேலை செய்பவை. கூடுதல் காலம் நிற்கும். கரைப்பதற்கு மாற்று மருந்து இல்லை. நல்ல கைகளில் நல்ல பலன் தருகின்றன என்பதை மறுக்கவில்லை. முதன்முறையாக முகத்தில் ஊசி போடப் போகிறவருக்கு நான் இவற்றைச் சொல்லமாட்டேன்.

நிரந்தரமாக நிற்பவை, அதாவது பொலிஅக்ரிலமைட் ஜெல், திரவ சிலிக்கோன், பிஎம்எம்ஏ என்ற நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள் கலந்தவை, இவற்றைப் பற்றி எனக்கு இரண்டு மனம் இல்லை: வேண்டாம். ஆண்டுக்கணக்கில் கழித்தும் தொற்றும் முடிச்சும் வரலாம். எடுக்க வேண்டுமென்றால் கத்திதான். பொலிஅக்ரிலமைட் ஜெல்லைச் சீனா 2006இல் தடைசெய்தது. "ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்" என்று யாராவது விலை குறைத்துச் சொன்னால் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள்.

சொந்தக் கொழுப்பை வயிற்றிலிருந்து எடுத்து முகத்தில் வைப்பதும் உண்டு. நம்முடைய கொழுப்புத்தானே, ஒவ்வாமை வராது என்பது சரி. ஆனால் அது ஊசி வேலையைத் தாண்டிய சத்திரசிகிச்சை: எடுக்கும் இடம் ஒரு காயம், வைக்கும் இடம் இன்னொரு காயம், நடுவில் கொழுப்பைக் கழுவிப் பிரிக்கும் ஒரு கட்டம். கிருமி நுழைய மூன்று வாசல்கள். சத்திரசிகிச்சைக் கூடம் உள்ள வைத்தியசாலையில், பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

பொட்டொக்ஸ் வேறு சாதி. தசையைத் தளர்த்துவதே அதன் வேலை. எதையும் நிரப்புவதில்லை, உள்ளே பொருளாகத் தங்குவதும் இல்லை. ஆகவே பிந்தி எழும்பும் தொற்று முடிச்சு அதில் பெரிய கவலையாக இருப்பதில்லை. நெற்றிச் சுருக்கம் மட்டுமே குறையென்றால் ஃபில்லருக்குப் போகத் தேவையே இல்லாமல் போகலாம்.

ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஜெல்லை உள்ளே செலுத்தும் பேனா ஒன்றை இணையத்தில் விற்கிறார்கள். வீட்டிலேயே உதட்டுக்குப் போடலாம் என்று காணொளியும் காட்டுகிறார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 ஒக்டோபரில் அதைப் பாவிக்க வேண்டாம் என்று பகிரங்கமாக எச்சரித்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மை செலவழிக்கத் தேவையில்லை.

இடத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒருவருக்கு முன்னால் பொதுவாக ஐந்து வாசல்கள் தெரிகின்றன: ஊரிலுள்ள அழகுநிலையம், ஊரிலுள்ள வைத்தியரின் கிளினிக், கொழும்பு, சென்னை, வெளிநாட்டு உறவினரின் வீடு.

அழகுநிலையத்தின் மீது எனக்குக் கோபம் இல்லை. புருவம் எடுப்பதிலும் மணப்பெண் அலங்காரத்திலும் நம் பெண்களின் கைத்திறன் பேர்போனது. ஆனால் ஃபில்லர் அலங்காரத்தில் சேராது, அது மருத்துவ வேலை. தொற்று வந்தால் அங்கே மருந்துச்சீட்டு எழுத ஆள் இல்லை. ஹயலுரோனிடேஸ் இருந்தாலும் போடத் தெரிந்த கை இல்லை. இன்னொரு பழக்கத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு சிறிஞ்சில் பொதுவாக ஒரு மில்லிலீற்றர் ஜெல் இருக்கும். உதட்டுக்குப் பாதி போதுமென்றால் மிச்சத்தை மூடி வைத்து அடுத்த மாதம் அவருக்கே போடலாம், அல்லது கூட வந்த தங்கைக்குப் போட்டுக் காசைப் பங்கிடலாம் என்ற எண்ணம் எழும். அசல் சிறிஞ்ச் ஒருவருக்கு, ஒரு தடவைக்கு மட்டுமே. ஊசி முனை மாற்றினால் போதும் என்பது தவறு. சிறிஞ்சுக்குள் இரத்தம் மிக நுண்ணிய அளவில் பின்னோக்கி ஏறியிருக்கலாம்.

இரத்தம் என்றதும் இதைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் உரிமம் இல்லாத ஓர் அழகுநிலையம், நுண்ணூசியால் குத்தி வாடிக்கையாளரின் சொந்த இரத்தக்கூறைப் பூசும் 'வம்பயர் ஃபேஷியல்' செய்துவந்தது. 2018இல் அது மூடப்பட்டது. அங்கே போனவர்களுக்கு எச்ஐவி தொற்றியதை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2024இல் அறிக்கையாக வெளியிட்டது. அழகு ஊசிச் சேவையால் எச்ஐவி பரவியதாக ஆவணமான முதல் சம்பவம் அதுதான். அது ஃபில்லர் இல்லை, உண்மை. ஒருமுறை பாவித்ததைத் திரும்பப் பாவித்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஊரிலுள்ள வைத்தியரிடம் போவதற்கும் கொழும்புக்குப் போவதற்கும் இடையில்தான் உண்மையான போட்டி. கொழும்பில் தோல் வைத்திய நிபுணர்களும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்களும் அதிகம். ஃபில்லரை நாளாந்தம் போடும் கைகளும் அதிகம். தொழிலில் கைப்பழக்கம் சும்மா இல்லை. ஊசி இரத்தக்குழாய்க்குள் ஜெல்லைச் செலுத்திவிடும் ஆபத்தைக் குறைப்பதில் அனுபவத்தின் பங்கு பெரிது. அது தொற்றைச் சேராத விடயம். ஆனால் தொற்றாகக் கருதி ஏமாறக்கூடியது என்பதால் இங்கே சொல்கிறேன். ஊசி போட்ட உடனேயோ சில மணி நேரத்திலோ தோல் வெளிறி, பிறகு வலைபோல நீலச்சிவப்பாகி, கடுமையாக நொந்தால் அது குழாய் அடைப்பாக இருக்கலாம். இரண்டு மூன்று நாளில் அந்த இடத்தில் சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளங்கள் வரும். பார்ப்பவர் கிருமி என்று குளிசை கொடுத்து அனுப்பினால் தோல் செத்துப்போகும். அதற்கு உடனடியாக ஹயலுரோனிடேஸ் வேண்டும். கண் பார்வை மங்கினால் நிமிடங்களுக்குக் கணக்கு.

கொழும்பு ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் தூரம். வெள்ளி இரவு பஸ் ஏறி, சனி போட்டு, ஞாயிறு வீட்டில் இருக்கலாம், நல்லாகவே நடக்கும். ஆறாவது கிழமை முடிச்சு எழும்பும்போது வட்ஸ்அப்பில் படம் அனுப்பி, வெளிச்சம் போதாது என்று திரும்பவும் எடுத்து அனுப்பி, கடைசியில் "வந்து காட்டுங்கள்" என்ற பதில் வரும்போது மூன்று நாள் போயிருக்கும். யாழ்ப்பாணத்திலேயே போடுபவர் தன் கிளினிக்கை மறுநாளும் திறக்கிறார். முடிச்சைக் கையால் தொட்டுப் பார்க்கலாம், தேவையானால் யாழ் போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்து அனுப்பலாம். மாதம் ஒருமுறை தெற்கிலிருந்து வந்து வாடகை அறையில் ஊசி போட்டுவிட்டுப் போகும் ஏற்பாடு இந்த இரண்டு இடங்களின் குறைகளையும் சேர்த்துக்கொண்டது. நிபுணராகவே இருந்தாலும் இடையில் நம்மைப் பார்க்க அவர் யாரையும் நியமிக்காவிட்டால் நான் போகமாட்டேன்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. ஊரிலுள்ள வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவானவரா, ஃபில்லரில் பயிற்சி பெற்றவரா, ஹயலுரோனிடேஸைக் கையிருப்பில் வைத்திருக்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் கொழும்புக்கு முன்னால் அவரையே வைப்பேன். ஒன்றுக்கு இல்லை என்றாலும் கொழும்புதான்; ஆனால் போவதற்கு முன்பே இங்கு யாரிடம் காட்டுவது என்று பேசி முடித்துக்கொண்டு போக வேண்டும். மருத்துவ சபையின் பதிவேட்டில் வைத்தியரின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவுசெய்யப்பட வேண்டியவை. மருந்துகளையும் மருத்துவ சாதனங்களையும் பதிவது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை. பெட்டியைக் காட்டச் சொல்லி, அது அந்தச் சபையில் பதிவானதா என்று கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

பெட்டி விடயத்தில் ஒன்று. பல ஹயலுரோனிக் ஃபில்லர்களை இருபத்தைந்து பாகை செல்சியசுக்கு மேற்படாமல் வைக்க வேண்டும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். பங்குனி சித்திரை வெயிலில் சூட்கேஸில் வந்து, கூரியர் வானில் கிடந்து, மின்சாரம் போன அறையில் காத்திருந்த மருந்து எப்படி இருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போடுங்கள்.

சென்னை. பலாலியிலிருந்து விமானம் இருப்பதால் சிலருக்குக் கொழும்பைவிடக் கிட்டத்தான். நிபுணர்கள் நிறைய, புடவையும் எடுத்துக்கொண்டு வரலாம். தொற்றைப் பொறுத்தவரை கொழும்பின் குறைதான், கடல் ஒன்று கூடுதலாக. அமெரிக்காவிலிருந்து டொமினிக்கன் குடியரசுக்குப் போய் வயிற்றுக் கொழுப்புச் சத்திரசிகிச்சை செய்துவந்த பெண்களிடம் 2003-2004இல் மைக்கோபக்டீரியம் அப்செசஸ் பரவியது. சத்திரசிகிச்சை செய்தவர் ஒரு நாட்டில், காயத்தைப் பார்த்தவர் இன்னொரு நாட்டில் என்ற நிலை அது. பல் வைத்தியத்துக்கோ கோயிலுக்கோ போகும் பயணத்தோடு இதையும் ஒட்டி முடிக்கும் யோசனை இருந்தால், பல்லையும் ஊசியையும் ஒரே பயணத்தில் சேர்க்க வேண்டாம். பல் துப்புரவு செய்யும்போது வாய்க் கிருமிகள் இரத்தத்தில் ஏறும்; இரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு கிழமையாவது விடச் சொல்வது வழக்கம்.

வெளிநாட்டில் போட்டால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பொட்டொக்ஸுக்கு மருந்துச்சீட்டு வேண்டும், ஃபில்லருக்கு வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அழகுக்காக இவற்றைப் போடுவது குற்றமானதே 2021 ஒக்டோபர் 1ஆம் திகதிதான். உரிம முறை ஒன்றைக் கொண்டுவர 2022ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. லண்டனில் மருத்துவப் பின்னணி இல்லாதவர் தன் வீட்டு முன்னறையில் போட்ட ஊசி, யாழ்ப்பாண முன்னறையில் போட்டதைவிட எந்த விதத்திலும் உசத்தி இல்லை.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆனி மாதக் கடைசியில் அங்கே போட்டுக்கொண்டு, ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு இங்கே இறங்கினால், பிந்திய தொற்று தலைகாட்டும் கிழமைகள் இருபத்தைந்து நாள் திருவிழாவோடு சரியாகப் பொருந்தும். போட்ட கிளினிக் கடலுக்கு அப்பால். வந்த உற்சாகத்தில் கீரிமலைக் கேணியில் முங்கிக் குளிப்பதும், கசூரினாவில் கடல் குளிப்பதும் ஊசித்துளை ஆறாதவர்களுக்கு உகந்ததில்லை. பயணத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னால் முடித்துவிட வேண்டும். அல்லது திரும்பிப் போன பிறகு போட்டுக்கொள்ளலாம்.

மணப்பெண்ணுக்கும் அதே கணக்குத்தான். முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் ஃபில்லர், முதல் நாள் ஃபேஷியல், அன்று காலை கனமான மேக்கப் என்ற வரிசை எனக்குப் புரியாத வரிசை. ஆறாத துளையின் மேல் பல முகங்களில் ஓடிய பிரஷ் ஓடுகிறது. குறைந்தது ஒரு நாளாவது மேக்கப் இல்லாமல் இருக்க வேண்டும். விசேஷத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் வீக்கமும் இறங்கிவிடும், பிந்திய கோளாறுக்கும் அவகாசம் இருக்கும். பூப்புனித நீராட்டு விழாவுக்கு வந்த பிள்ளைக்கும் உதட்டில் கொஞ்சம் போடலாமா என்று விசாரிக்கும் அன்ரிமாருக்கு ஒரு தகவல்: அமெரிக்காவில் ஃபில்லருக்கு அனுமதி இருப்பது 21 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டுமே.

சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள், முகத்தில் பருவோ புண்ணோ பல்லில் சீழோ இருப்பவர்கள் இப்போதைக்கு வேண்டாம் என்பது எல்லா வாசல்களுக்கும் பொது. கருவுற்றவர்களும், பால் கொடுப்பவர்களும் தள்ளிப்போடலாம். போடாமலே விடுவதும் ஒரு தெரிவுதான். மேற்சொன்ன கேள்விகளுக்குப் பதில் கிடைக்காத இடத்தில் அதுவே மிக மலிவான தெரிவு.

முடிச்சு வந்தேவிட்டால் செய்ய வேண்டியது அதிகம் இல்லை, செய்யக்கூடாததுதான் அதிகம். பிதுக்கக்கூடாது. சூடு வைக்கக்கூடாது. வீக்கத்துக்கு என்று ஸ்டீரொயிட் குளிசையோ ஊசியோ மட்டும் வாங்கிப் போடக்கூடாது. நாலு நாள் அடங்கியதுபோலக் காட்டிவிட்டுக் கிருமிக்குக் கூடுதல் இடம் கொடுக்கும். போட்ட மருந்தின் பெயர், தொகுதி இலக்கம், போட்ட திகதி, எந்த இடத்தில் எவ்வளவு என்ற விபரங்களோடு வைத்தியரிடம் போக வேண்டும். அசல் பெட்டிக்குள் ஒட்டும் சீட்டு இருக்கும். ஊசி போட்ட அன்றே ஒன்றைக் கேட்டு வாங்கியோ தொலைபேசியில் படம் எடுத்தோ வைத்துக்கொள்ளலாம்.

வைத்தியசாலையில் வெட்கத்தை விட்டு ஃபில்லர் போட்டதைச் சொல்ல வேண்டும். பலர் இதை மறைக்கிறார்கள், மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்பதற்காக. சொல்லாவிட்டால் எடுக்கும் சீழ் சாதாரண வளர்ப்புச் சோதனைக்குத்தான் போகும்; இரண்டு மூன்று நாளில் "கிருமி இல்லை" என்று அறிக்கை வரும். மைக்கோபக்டீரியத்தைத் தேடுமாறு ஆய்வுகூடத்துக்குத் தனியாக எழுதினால்தான் அது பிடிபடும். கண்ணாடித் தகட்டில் கண்டுபிடித்தாலும் காசநோய் என்று எண்ணி அதற்குரிய மருந்தைத் தொடங்கிவிடும் வாய்ப்பு இருக்கிறது; அப்செசஸ் வழமையான காசநோய் மருந்துகளுக்கு மடியாது. எந்த இனம் என்பதும், எந்த மருந்துக்கு அடங்கும் என்பதும் தெரிந்த பிறகு கிளரித்ரோமைசின் போன்ற அன்டிபயோட்டிக்குகளை, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளாக, மாதக்கணக்கில் எடுக்க வேண்டிவரும். முடிச்சு மறைந்ததும் குளிசையை நிறுத்திவிடுபவர்களுக்கு அது திரும்ப வரும். அரச வைத்தியசாலையில் பார்ப்பது இலவசம் என்றாலும், வெளியே வாங்கச் சொல்லும் மருந்தும் பரிசோதனையும் லீவும் சேர்ந்தால் ஊசி போட்ட காசை எளிதில் தாண்டிவிடும். கிளினிக்கில் விலை பேசும் அன்றே, தொற்று வந்தால் திரும்பப் பார்ப்பதற்கும் ஹயலுரோனிடேஸுக்கும் தனியாகக் காசு எடுப்பீர்களா என்று கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.